அரை விரல் அகலம்

"அப்பா, இதைப் படிங்க. உங்க பொழப்பையே கேவலப்படுத்தியிருக்கார் எங்க பேராசிரியர்!"

மகள் நீட்டிய கல்லூரிப் பாடப்புத்தகத்தை அவர் வாங்கினார். ஐம்பது வயதுக்குமேல் மாலைப் பள்ளியில் எழுத்துக்கூட்டப் பழகியவர். விரல் வைத்து மெல்ல வாசித்தார்.

'கூலிக்காரனுக்குப் படிப்பு எதற்கு'

பாடம் அதோடு முடிந்திருந்தது. அவருக்கு வியர்த்தது.

"எல்லாப் புத்தகத்துலயும் இப்படித்தானா கண்ணு?"

"அச்சடிச்ச ஆயிரம் பிரதியிலயும்! நாலு நாளா வகுப்புக்கே போகாம வாசல்ல உக்காந்திருக்கோம்."

"அவர் என்ன சொல்றார்?"

"கீழே இன்னொரு வரி எழுதினாராம், அதைக் காணோமாம். குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டலைங்கிற கதைதான். நாளைக்கு அவர் சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"பாவம்மா."

"உங்களைத் திட்டினவருக்குப் பாவமா? நாளைக்கு நீங்களே வந்து மைக்ல பேசுங்கப்பா. அப்பதான் உறைக்கும்."

அவர் எழுந்தார். எழுதிப் பழகுவதற்காக, கூலி வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து அள்ளி வந்த கழிவுத்தாள் கட்டு அலமாரியில் கிடந்தது. அதிலிருந்து அரை விரல் அகலத் துண்டு ஒன்றை உருவி, அந்தப் பக்கத்தின் அடியில் வைத்தார். இம்மி பிசகாமல் பொருந்தியது.

மகள் வாசித்தாள்: 'என்று கேட்டவர்கள் தலைகுனியும் காலம் வந்துவிட்டது.'

"ஏதுப்பா இது?"

"வெட்டுற மெஷின்ல அளவு தப்பா வெச்சுட்டேம்மா. அந்தப் பக்கத்துல மட்டும் ஒரு வரி கூடுதலா கீழே இறங்கியிருந்துச்சு. துண்டுல எழுத்தைப் பார்த்தப்பவே தெரியும். சொன்னா வேலை போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நாளைக்கு வரேன். மைக்ல பேசறேன்."