பனிச்சாரல் பனியன்

"சுத்தமான காட்டனுங்க பாய். சித்திரை வெயில்ல போட்டாலும் உடம்புக்குள்ள ஏசி ஓடுறாப்பல இருக்கும்," என்றார் பனியன் கம்பெனி முதலாளி சிவசுப்பிரமணியம்.

புதிய 'பனிச்சாரல்' பனியனுக்கு ஆர்டர் கொடுக்க ஈரோட்டிலிருந்து வந்திருந்த வியாபாரி ராஜா முகமது, பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து, பனியன் படங்களைக் காட்டிக்கொண்டிருந்த லேப்டாப் பொசுக்கென்று அணைந்துபோனது.

தொட்டுப் பார்த்த முதலாளி கையை உதறினார். "தோசைக்கல்லாட்டக் கொதிக்குது! ஏம்மா மெஹ்ஜபின், என்ன பண்ணி வெச்சிருக்கிற?"

"ஒரு வாரமாவே சூடாகுதுன்னு சொன்னேனுங்க சார்," என்றாள் ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மெஹ்ஜபின்.

முதலாளி லேப்டாப்பைத் தூக்கினார். அடியில் நாலாக மடித்த துணி ஒன்று இருந்தது.

"சூடாகாம என்ன பண்ணும்? காத்துப் போற ஓட்டையெல்லாம் இது அடைச்சுக்கிட்டு இருக்குது!"

துணியை விரல்களால் கசக்கிப் பார்த்தார். துணி பிடித்துப் பழகிய விரல்களுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"பாருங்க பாய், பாதிக்குப் பாதி பாலியெஸ்டர்! மருந்துக்குக்கூடக் காத்து நுழையாது. இதைப் போட்டா மனுசனே வெந்துருவானுங்க. எந்தக் கூமுட்டை இதைக் கொண்டாந்து அடியில வெச்சது?"

"நான்தானுங்க சார். சூடு குறையட்டும்னு வெச்சேன்." மெஹ்ஜபின் தயங்கினாள். "ஏசி மாதிரின்னு போன வாரமே சொன்னீங்களே, அந்தப் பனிச்சாரல் சாம்பிளுங்க."

ராஜா முகமது பேனாவை மூடினார். கையெழுத்துப் போடாத ஆர்டர் தாளை எடுத்து, லேப்டாப்புக்கு விசிறத் தொடங்கினார்.