ஆப்பச் சோடா

கக்கூஸில் தண்ணீர் வரவில்லை.

குழாயை ஓங்கி அடித்தாள். காற்றுதான் வந்தது. இத்தனை பெரிய மைதானம் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு வாளி தண்ணீர் வைக்கத் தெரியவில்லை.

வெளியே ஒலிபெருக்கியில் எண்ணூறு மீட்டர் முடிவைச் சொன்னார்கள். முதல் மூன்று பெயர்கள். கடைசியாக வந்தவளின் பெயரை எவன் சொல்வான்?

மாநிலத் தேர்வுப் போட்டி. முதல் இரண்டு பேருக்கு விளையாட்டு விடுதியில் இடம். படிப்பு, சாப்பாடு, எல்லாம். அவள் வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வருடம்.

முதல் சுற்று முழுக்க அவள்தான் முன்னால் ஓடினாள். இரண்டாவது சுற்றில் வயிறு கலங்கியது. ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் நேராக இங்கேதான் ஓடிவந்தாள்.

எல்லாம் அந்த ஆப்பச் சோடா.

எலுமிச்சைச் சாற்றில் கலந்து குடித்தால் கால் கடுக்காது, கடைசி நூறு மீட்டரிலும் வேகம் குறையாது என்று செல்போனில் எவனோ சொன்னானாம். ஜெயசிங் மாஸ்டருக்கு அது போதும். போன வாரம் பயிற்சியில் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுத்தார். அன்று அவள் நன்றாகத்தான் ஓடினாள். வெயில் இல்லாததால்கூட இருக்கலாம். ஆனால் சோடாதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததும் அவள்தான்.

இன்று காலை பாட்டிலை நீட்டியபோது மாஸ்டர் முகத்தில் அவ்வளவு பாசம்.

"ஃபைனல்லா, அதான் கூடக் கொஞ்சம் போட்டிருக்கேன்."

கல்யாண வீட்டுப் பாயசத்துக்குச் சர்க்கரை போடுகிற மாதிரி.

மாஸ்டர் கையால் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் அவர்கள் அணியில் கிடையாது. மடமடவென்று குடித்தாள்.

வெளியே வந்தாள். மாஸ்டர் அவள் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டா. பொம்பளப் பிள்ளைக கூட்டத்தப் பாத்தா இப்படித்தான்."

அப்பா தலையாட்டினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பயமாம், பயம்! பயந்தவளா அத்தனை பேரையும் பின்னால் விட்டு ஓடினாள்? இந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். அழுதால் அவர் சொன்னது நிஜமாகிவிடும்.

பந்தலடியில் இசக்கி தனியாக உட்கார்ந்திருந்தாள். அதே அணி, இரண்டு வயது சின்னவள். சாப்பாட்டு நேரத்துக்கு முன் அவளுக்கு நானூறு மீட்டர் ஃபைனல். கையில் மாஸ்டர் கொடுத்த பாட்டில். இன்னும் திறக்கவில்லை.

அவள் இசக்கியிடம் கையை நீட்டினாள்.

"இங்க தா. குடிக்காத."

இசக்கி பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஹாஸ்டலுக்குப் போவலங்கதுக்காக நானும் போவக் கூடாதாக்கா?"

பளாரென்று ஓர் அறை விடலாம் போலிருந்தது. நேற்றுவரை ஒரே தட்டில் சாப்பிட்டவள் கேட்கிற கேள்வியா இது? பிடுங்கிக் கொட்டிவிடலாம். கொட்டிவிட்டு இவள் தோற்றால்? ஆயுசுக்கும் பழி தன் தலையில்தான்.

கை தானாக இறங்கியது.

இசக்கி திரும்பி உட்கார்ந்து குடித்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது இசக்கி கோட்டில் குனிந்தாள். முகம் வெளுத்திருக்கிறதா? தூரத்தில் தெரியவில்லை. மாஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அப்பா.

இவள் ஜெயித்தால் சோடா நல்லது என்றாகிவிடும். மாஸ்டர் கெட்டிக்காரராகிவிடுவார். பயந்தாங்கொள்ளி என்ற பெயர் தனக்கு நிலைத்துவிடும். அப்பா இன்னொரு முறை தலையாட்டுவார்.

தோற்கட்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். அப்போதாவது இவர்களுக்குப் புரியும்.

துப்பாக்கி வெடித்தது.

"ஓடுட்டி இசக்கி! ஓடுட்டி!"

தொண்டை கிழிய யாரோ கத்தினார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

அவர்கள் பார்த்த பிறகுதான், கத்துவது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.