கடைசி இலக்கம்

ஆறு வந்தது.

அவள் சாக்பீஸை எடுத்துவிட்டுப் பார்த்தாள். ஐந்துதான் வர வேண்டும். கடவுளே, ஐந்துதான்.

சுவரில் கரும்பலகை. அதில் மேலிருந்து கீழே ஒரே வரிசையாக எண்கள். மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறை மீதியில்லாமல் வகுக்கும், அதைவிடச் சிறிய எண்கள். அத்தனையையும் கூட்டினால் அதே எண் திரும்பி வரும். லட்சத்தில் ஒன்றுக்குக்கூட வாய்க்காத பேறு அது.

அவளும் கணக்கு டீச்சர், கணவன் தயாளனும் கணக்கு வாத்தியார். அந்த வீட்டில் பிறந்தநாள் வேறெப்படி இருக்கும்! கேக் வெட்டுமுன் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். பெரிய எண்களைத் தயாளன் எழுதுவான். அடுத்தவற்றை அவள். பலகையின் அடியில், தரையில் குத்துக்காலிட்டு, கடைசி எண்ணை மகள் பூவிழி எழுதுவாள்.

ஒன்று.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழையில் காய்ச்சல் வந்து பூவிழி போய்விட்டாள். ஏழு வயது.

மகளின் போன பிறந்தநாளுக்கும் இவள் கணக்கைப் போட்டாள். அடியில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டாள். அதை எழுத அவள் யார்? கூட்டலில் ஒன்று குறைந்தது; கடைசி இலக்கம் ஆறுக்குப் பதில் ஐந்து. அதைப் பார்த்துப் பார்த்தே ஒரு வருஷம் அழுதாள்.

"இந்த வாட்டியும் குறைஞ்சா பலகையக் கழட்டிருவேன். உன்னையும் பறிகொடுக்க என்னால முடியாது" என்றிருந்தான் தயாளன்.

தலையாட்டியிருந்தாள். குறையாமல் எங்கே போகும்? கணக்குக்கு என்ன, இரக்கமா இருக்கிறது?

இப்போது ஆறு.

ஒன்றாம் இடத்து இலக்கங்களை மட்டும் விரல் மடக்கி, கீழிருந்து மேலே கூட்டினாள்.

ஆறு.

பலகையின் அடியில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது.

தயாளன் ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். விடையைப் பார்த்தான். எங்கேயோ தப்பாக எழுதியிருக்கிறாள், பாவம், என்றுதான் அவன் முகம் சொன்னது. அவள் சாக்பீஸை நீட்டினாள்.

ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தான். எல்லாம் சரி.

கூட்ட ஆரம்பித்தான். உதடு அசைந்தது. நின்றது. மறுபடி முதலிலிருந்து அசைந்தது.

பிறகு அவன் அடியில் இருந்த அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தப்பான கணக்கைப் பலகையில் ஒரு நிமிஷம் விட்டுவைக்காத மனுஷன். டஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. ஸ்க்ரூடிரைவரைச் சத்தம் வராமல் தரையில் வைத்தான்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

இருவரும் அறையை விட்டு வந்தார்கள். பழக்கதோஷத்தில் அவள் கை சுவிட்சுக்குப் போயிற்று.

"அணைக்காத" என்றான் தயாளன். பலகையின் அடியைத் திரும்பிப் பார்த்தான்.

"இருட்டுன்னா பயப்படுவா."