ஐம்பத்தெட்டு கிலோ

“ஐம்பத்தெட்டு கிலோவா? யாரு, நீங்களா?” பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள் டீச்சர். “உங்க ஒரு காலே ஐம்பத்தெட்டு வருமே!”

கணவர் ஜீப்பின் பானெட் மேல் பட்டறைக்காரர் கொடுத்த அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ‘ஓட்டுபவர் எடை’ என்ற முதல் வரிக்கு நேரே, 58 என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது.

மலைக்கு அப்பால் உள்ள ஏரிக்குப் போகவேண்டும் என்று பதினோரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் கிளம்புவதாக ஏற்பாடு. பாதி வழிக்கு மேல் ரோடே கிடையாது. கூரைமேல் கூடாரம், பின்னால் தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி, இரண்டாவது ஸ்டெப்னி என்று அவர் ஏற்றிய ஏற்றத்தில் வண்டி பின்பக்கம் உட்கார்ந்தே விட்டது. அதற்குத்தான் புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்.

“வீட்டையே பெயர்த்து ஏத்திட்டார். வாசக்கதவு மட்டும்தான் பாக்கி” என்றாள் டீச்சர். “ஒவ்வொண்ணையும் நிறுத்து நிறுத்து ஏத்தினார். போன வாரம் என்னையும் மூட்டை மாதிரி எடை மெஷின்ல ஏத்தி நிறுத்தார். கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன், எவ்வளவுன்னு கேட்டா, ‘உனக்கெதுக்கு’ங்கறார்!”

“சிரிக்காதீங்க டீச்சர். இந்த அட்டையில தப்பு வந்தா வண்டியில எல்லாமே தப்பு” என்றார் பட்டறைக்காரர். “சார், எப்பவும் இருக்கற பாரத்தை மட்டும் எழுதுங்க. எப்பவாவது ஏறி இறங்கறதைக் கணக்குல சேர்க்காதீங்க. அதை நம்பிக் கெட்டி ஸ்பிரிங்கா போட்டா, பாரம் இல்லாதப்ப தூக்கித் தூக்கிப் போடும். வலது, இடது தனித்தனியா பார்த்துத்தான் மாட்டுவேன்.”

“கேட்டீங்களா? தொண்ணூத்திரண்டை ஐம்பத்தெட்டுன்னு எழுதினா, முதல் வளைவுலயே வண்டி குடைசாயும். முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்குடுத்தவ புருஷன் நீங்க!”

“கல்யாணத்தப்ப அவ்வளவுதான் இருந்தேன்.”

“கல்யாணத்தப்ப தலையில முடிகூடத்தான் இருந்துது. அதையும் எழுதுங்களேன்.”

பட்டறைக்காரர் சிரிப்பை அடக்க ஸ்பானரைத் துடைத்தார். கணவர் இடது கையால் அட்டையை மறைத்துக்கொண்டு மிச்சத்தை எழுதினார்.

“பிட் அடிக்கற பையன் மாதிரி மறைச்சு எழுதறதைப் பாருங்க!”

“நீ பார்த்தா மார்க் குறைப்பே” என்று சொல்லி, அட்டையை நாலாக மடித்துப் பட்டறைக்காரரின் சட்டைப் பையில் செருகினார்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. எடுக்கப் போனபோது கணவர் சாவியை அவள் கையில் வைத்தார்.

“நீயே ஓட்டு. எனக்கு முட்டி வலிக்குது.”

“ஆறு மாசமா இதே முட்டி! வண்டிக்கு ஓனர் ஐயா, டிரைவர் வேலைக்கு நான். டயர் மாத்தவும் நான்தான், நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்க நீங்க. மகாராஜா!”

“க்ளட்சை மெதுவா விடு, டீச்சரம்மா.”

பன்னிரண்டாம் நாள் அவர் இறந்துபோனார். இதயம் என்றார்கள். இப்படித் திடீரென்று ஆகிவிட்டதே என்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். டீச்சருக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. எந்த வேலையை அவர் முழுதாகச் செய்தார், இதைச் செய்ய! அலமாரிக்கு ஒரு கதவு, சுவருக்குப் பாதி பெயின்ட், இப்போது இந்தப் பயணம்.

இரண்டு மாதம் கழித்து ஜீப்பைப் பட்டறைக்கு ஓட்டிப்போனாள். அவர் ஏற்றிய சாமான்களில் ஒன்றைக்கூட இறக்கவில்லை.

“பழைய ஸ்பிரிங்கையே மாட்டிடுங்க. வித்துடப் போறேன்.”

“ஏன் டீச்சர்? நல்லாத்தானே ஓடுது?”

“என்ன நல்லா? அவர் பக்கத்துக்கு ஒண்ணு, என் பக்கத்துக்கு ஒண்ணுன்னு கணக்குப் பண்ணி மாட்டினது. அதுலயும் அவர் எழுதினது பொய்க் கணக்கு. இப்ப நான் ஒருத்திதான். ஒரு பக்கமா சாயத்தான் செய்யும். அதைக் கொண்டுபோய் இன்னொருத்தர் தலையில கட்டணுமா?”

“அளந்துடலாம். சீட்ல உக்காருங்க.”

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டறைக்காரர் டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை வலப்பக்கம் அளந்தார். சுற்றிவந்து இடப்பக்கம் அளந்தார். மறுபடி வலப்பக்கம் வந்தார்.

“ஐம்பத்துமூணு சென்டிமீட்டர். ரெண்டு பக்கமும். ஒரு நூல்கூட சாயலை.”

“அதெப்படி? டேப்பைச் சரியாப் பிடிச்சீங்களா?”

“நான் அட்டையில இருந்தபடிதான் மாட்டினேன் டீச்சர்.” கம்பியில் குத்தியிருந்த அட்டைகளைப் புரட்டி, நாலாக மடிந்த ஒன்றை உருவி அவளிடம் நீட்டினார்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஓட்டுபவர் எடை 58. பழக்கதோஷம், உதடு ஏளனமாகச் சுழித்தது. “மனுஷன் கடைசிவரைக்கும்...”

அடுத்த வரிக்குக் கண் போனது. அன்றைக்கு அவர் கையால் மறைத்த வரி.

பக்கத்து இருக்கை: காலி.

பட்டறைக்காரர் இன்னொரு தடவை அளந்தார். வலது ஐம்பத்துமூன்று, இடது ஐம்பத்துமூன்று.