காகிதத்தில் இறங்கும் ஈரம்

கண் டாக்டரின் அறையில், கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று அளக்கக் கீழிமையில் செருகிய காகிதத் துண்டுகள் கன்னத்தில் தொங்க, ஓரகத்திகள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்குமே கண் உலர்ந்து உறுத்துகிறது. ஐம்பதைத் தாண்டிய மூத்தவளுக்கு வருஷக்கணக்காக, நாளெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கும் இளையவளுக்கு இந்தக் கோடையிலிருந்து. மின்விசிறியை நிறுத்திவிட்டதால் கடிகாரச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. மூத்தவள் ஓரக்கண்ணால் பார்க்கிறாள். இளையவளின் காகிதத்தில் ஈரம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. தன்னுடையது மொரமொரவென்று அப்படியே நிற்கிறது. மாமியார் போனபோதும் இதே கதைதான். இவள் மாலை மாலையாய்க் கண்ணீர் விட்டுப் பாசக்காரி என்று பேர் வாங்கினாள், படுக்கையில் கிடந்தவளுக்குப் பீ மூத்திரம் அள்ளிய தனக்குக் கல்நெஞ்சுக்காரி பட்டம்தான் மிச்சம். டாக்டர் காகிதங்களை உருவி விளக்கருகே பிடிக்கிறார். "சின்னவங்களுக்குக் கண்ணீர் இருக்கு, சீக்கிரம் காய்ஞ்சிடுது, அவ்வளவுதான். உங்களுக்கு ஊறவே இல்லைம்மா. இத்தனை வருஷமா அழணும்னு நினைச்சிருந்தாலும் வந்திருக்காது." மூத்தவள் நிமிர்ந்து, ஜெயித்தவளைப் போலத் திரும்புகிறாள். "கேட்டுக்கிட்டியா?" "ஐயோ, பாவம்க்கா நீங்க" என்று சொல்வதற்குள் இளையவளுக்குக் கண் நிறைந்து வழிகிறது. பஞ்சோடு மூத்தவளிடம் வந்துகொண்டிருந்த நர்ஸ், பாதியிலேயே இளையவள் பக்கம் திரும்பிவிடுகிறாள்.