அடுத்த பத்தி

அவள் அந்த வரியை மறுபடியும் படித்தாள்.

‘ஒருமுறை தொழிலில் தோற்றவர் இரண்டாம் முறை ஜெயிக்கிறார்.’

தொழில்முனைவு பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளில் எவை செவ்வியல் படைப்புகள் என்று கண்டறிவதுதான் அவளுடைய முனைவர் பட்டத் தலைப்பு. பின்னால் வந்தவர்கள் எதை அதிகம் மேற்கோள் காட்டினார்களோ, அது மேலே.

இந்தப் பழைய கட்டுரைக்கு முதலிடம். எல்லோரும் காட்டியது இந்த ஒரு வரியைத்தான்.

மூலக் கட்டுரை இன்றுதான் கைக்கு வந்தது.

வரிக்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது.

‘வியாபாரிகள் இப்படித்தான் நம்புகிறார்கள். நாங்கள் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறையும் தோற்றார்கள்.’

அங்கே யாரும் போகவில்லை.

அவளும்தான்.

நெறியாளர் சபாபதியின் அறைக்கு ஓடினாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்கங்கறதுதாம்மா உன் கேள்வி. சரியாக் காட்டினாங்களாங்கறது இல்ல.”

அவருடைய புத்தகமே அந்த வரியில்தான் தொடங்குகிறது.

வெளியே வந்தாள். போன் அடித்தது. ஈரோட்டிலிருந்து தம்பி தரணீதரன்.

பேக்கரி வைத்து நொடித்துப்போனவன். மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவன். அந்த வரியைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் அவனை எழுப்பி உட்காரவைத்தாள். இப்போது மசாலா மில் போடப்போகிறான்.

“அக்கா, பேங்க்ல இருக்கோம். வீட்டு மேல லோன். அப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. அந்த ஆராய்ச்சியப் பத்தி நீயே ஒருக்கா சொல்லீரு.”

குரலில் சிரிப்பு இருந்தது. அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

போன் கை மாறியது.

“சொல்லு கண்ணு. ரெண்டாந்தடவ ஜெயிச்சுப்போடுவானா? நீ சொன்னாப் போடறேன்.”



“அப்பா... நான் சொன்னது தப்புங்கப்பா. அதுல அப்படி இல்லீங்க. முக்காவாசிப் பேரு மறுபடியும் விழுந்துதான் போயிருக்காங்க.”



“அக்கா என்ன சொல்லுது?” பின்னாலிருந்து தம்பி கேட்டான். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணுமே கேக்கலடா. போன் கட்டாயிருச்சாட்ட இருக்குது.”

ஆனால் அவர் போனை வைக்கவில்லை. அவருடைய மூச்சு அவள் காதில் ஏறி இறங்கியது.

“அப்பா,” என்றாள்.

பிறகு அவர் பேங்க்காரரைக் கேட்பது காதில் விழுந்தது.

“எங்கீங்க போடோணும்?”