உலர்ந்த தொப்புள்

அண்ணி செண்பகவல்லியின் தொப்புளுக்குள் நாவல்கொட்டை அளவில் ஒரு கருநீல முடிச்சு இருந்தது. மாதத்தில் மூன்று நாள் மட்டும் அதிலிருந்து ரத்தம் கசியும். அந்த மூன்று நாளும் அவள் கொல்லைப்புற அறையில் தனியாக இருப்பாள். நாங்கள் யாரும் தொடமாட்டோம். அவள் தலைக்குக் குளித்து வீட்டுக்குள் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம். அதற்குள் அது காய்ந்திருக்கும். ஆறு வருடமாகக் களிம்புதான் எழுதிக் கொடுத்தார்கள்.

புதிதாக வந்த டாக்டரம்மா மட்டும், "தூரமாகிற நாள்லதான் இதுவும் கசியுதா?" என்று கேட்டார். அண்ணி சட்டென்று நிமிர்ந்து ஆமாம் என்றாள்.

"கருப்பைக்குள்ள இருக்கவேண்டிய சதை இங்க முளைச்சிருக்கலாம். அறுத்து எடுத்துடலாம். ஆனா கசியுறதை நான் பார்த்து எழுதினாத்தான் பெரிய ஆஸ்பத்திரியில ஒத்துக்குவாங்க. அன்னிக்கே வாங்க. அடுத்த மாசத்தோட எனக்கு மாற்றல்."

"அந்தக் கோலத்துல எப்படிம்மா தெருவுல இறக்குறது? நாலு வீடு தள்ளிக் கோயில்" என்றாள் அம்மா.

"சாமிக்கு வேணா நான் சீட்டு எழுதித் தரட்டுமா?"

அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் நான் சோற்றுத்தட்டோடு போனபோது அண்ணி சேலையை விலக்கினாள். முடிச்சின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

"பாரு, எவ்வளவு தெளிவாத் தெரியுது. பத்தரைக்கு பஸ் இருக்குல்ல? அத்தைகிட்ட நீ ஒரு வார்த்தை கேளேன்."

நான் தட்டைத் தரையில் வைத்து அவள் பக்கம் தள்ளிவிட்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் வெளுத்த சேலை கட்டி அழைத்துப்போனோம். டாக்டரம்மா விளக்கைத் தாழ்த்திக் குனிந்து பார்த்தார். தொப்புள் சுத்தமாக இருந்தது.